பற்றரி வாங்கப் போனவர்

ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு பின்னேரம், கடையில் அளவு காட்டுவதற்காக டிவி ரிமோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நோபேட் அதற்குப் பற்றரி வாங்கப் போனான். கொட்டாஞ்சேனைச் சந்தியில் ஒரு வெள்ளை வானில் வந்தவர்கள் அவனைப் பிடித்து ஏற்றிப்போனதாகக் கண்டவர்கள் சொன்னார்கள்.

அன்றிலிருந்து டிவி துணியால் மூடியே கிடந்தது. வேறு ரிமோட் வாங்க அவன் மனைவி பிறிஜெற் விடவில்லை. வாங்கினால், அவன் இனி வரமாட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஞாயிறு பின்னேரப் பூசை முடிந்ததும் நோபேட்டின் தம்பி றேமண்ட், எல்லா டிவிக்கும் பொருந்தும் ரிமோட் ஒன்றோடு வந்தான்.

"கோபிக்காதேங்கோ அண்ணி. இப்பிடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தா விசர்தான் பிடிக்கும்."

டிவியை மூடியிருந்த துணியை விலக்கிவிட்டு, ரிமோட்டோடு வந்த தாளிலிருந்த எண்களை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தான். ஒன்பதாவது எண்ணுக்கு டிவி உயிர்பெற்றது. தமிழ்ச் செய்தி பெருஞ்சத்தமாக ஒலித்தது. அவன் ரிமோட்டை மேசையில் வைத்தான்.

திரையில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடுகள் தாமாகவே குறைந்து நான்கில் நின்றன. தொடர்மாடிப் படிக்கட்டில் போகிறவர்களுக்குத் தமிழ்ச் செய்தி கேட்கக்கூடாதென்று நோபேட் எப்போதும் வைப்பது நான்கில்தான்.

றேமண்ட் சத்தத்தைக் கூட்டிவிட்டு, ரிமோட்டின் பற்றரிகளைக் கழற்றி உள்ளங்கையில் பொத்திக்கொண்டான். கோடுகள் மறுபடி நான்குக்கு இறங்கின.

"பக்கத்து வீட்டு ரிமோட்டாயிருக்கும் அண்ணி," என்றான்.

"இல்லை." பிறிஜெற் எழுந்துபோய்க் கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள். "அவர் பற்றரி வாங்கிற்றார்."