கரடிக்குட்டியின் முதல் பக்கம்

காவலாளி அரங்கின் பக்கவாட்டுக் கதவருகே நின்றான். சீருடை தோளில் இறுக்கிப் பிடித்தது.

சிறுவர் எழுத்தாளர் மாநாட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பக்கம் வாசிப்பார்கள். எழுதியவர் பெயர் போடாமல் தன் கதையின் முதல் பக்கத்தைப் பெட்டியில் போட வேண்டும். ஒரு பெண் அதை மைக்கில் வாசிப்பாள். மேடையில் இருக்கும் பதிப்பாசிரியர் தனக்கு எங்கே அலுக்கிறதோ அங்கே கையைத் தூக்குவார். வாசிப்பு நின்றுவிடும். கை தூக்காமல் பக்கம் முடிந்தால் முழுக் கதையையும் படிக்க வாங்கிப்போவார்.

காலையில் நாற்காலி போடும்போதே காவலாளி தன் பக்கத்தைப் பெட்டியில் போட்டுவிட்டான். போன வருடமும் போட்டான். மூன்றாவது வரியில் கை உயர்ந்தது. அன்றிலிருந்து அந்தப் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தான்.

"இந்நேரம் வீடே கட்டியிருக்கலாம் மாமா," என்றான் மைத்துனன். அவனுக்கும் அங்கே காவல்தான், வாசல் கேட்டில். "கரடி இன்னும் கதவைத்தான் தட்டுதா?"

"போய் கேட்டைப் பாரு."

"தூக்கத்துலகூட கமா போடுறீங்களாம். அக்கா அழுவுது."

வாசிப்பு தொடங்கியது. முதலில் பட்டம் விடும் கதை. இரண்டாம் வரியில் கை உயர்ந்தது. முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்தார்.

"இன்னும் ஒரு வரி கேளுங்க மேடம். அடுத்த வரியிலதான் விஷயமே இருக்கு."

"குழந்தை அதுவரைக்கும் காத்திருக்காது சார். உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. மேடை ஓரம் போய் நின்றார். காவலாளி அவரைக் கவனித்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த பக்கம் அவனுடையது.

"ஒரு கரடிக்குட்டி கதவைத் தட்டியது. கதவு விழுந்துவிட்டது."

யாரோ சிரித்தார்கள். நல்ல சிரிப்பு.

"'மன்னிச்சிருங்க,' என்றது கரடிக்குட்டி. அடுத்த வீட்டில் ஒரே விரலால் தட்டியது. கதவும் விழுந்தது, சுவரும் விழுந்தது."

பதிப்பாசிரியர் சிரித்துவிட்டார். கை மேசைமேலேயே இருந்தது. காவலாளி வரிகளை எண்ணினான். இன்னும் நாலு வரி.

கண்ணாடிக்காரர் ஓரத்தில் கிடந்த மைக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு மேடையேறினார். முதல் அடி மேசையில் விழுந்தது. தண்ணீர் ஜாடி உடைந்து சிதறியது. பதிப்பாசிரியர் தலையை மறைக்கக் கையைத் தூக்கினார்.

வாசிக்கும் பெண் கையைப் பார்த்தாள். பழக்கம். பாதி வாக்கியத்தில் நிறுத்திப் பக்கத்தைக் கீழே வைத்தாள்.

இரண்டாவது அடி அந்தக் கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் மைக்கில் கேட்டது.

காவலாளி மேடைக்குத் தாவினான். ஒரே குத்து. கண்ணாடிக்காரரின் கண்ணாடி நொறுங்கியது, ஸ்டாண்ட் கீழே விழுந்தது. அதோடு போதும். காவலாளி மறுபடி குத்தினான். வாயில் குத்தினான். விலாவில் உதைத்தான். குப்புறத் தள்ளி, கையைப் பின்னால் முறுக்கினான். தோளில் ஏதோ கழன்றது.

"இன்னும் நாலு வரி இருந்துச்சுடா," என்றான்.

அரங்கு காலியானது. மைத்துனன் பதிப்பாசிரியரைத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிப்போனான். "போலீஸ் வர்ற வரைக்கும் பிடிச்சு வைங்க மாமா. கொன்னுறாதீங்க."

காவலாளி கண்ணாடிக்காரரின் முதுகில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தான். வாசித்த பக்கம் தண்ணீரிலும் ரத்தத்திலும் ஊறிக் கிடந்தது.

"கரடி உன்னோடதா?" என்றார் கீழே கிடந்தவர். வாயிலிருந்து ரத்தம் வழிந்தது.

காவலாளி நனைந்த பக்கத்தைப் பார்த்தான்.

"அப்புறம் என்ன ஆச்சு?"

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. மனைவிகூட. காவலாளி சொன்னான். மூன்றாவது வீட்டில் கூரையே விழுந்தது. கரடி வருகிறதென்றால் ஊரே ஓடியது. கடைசியில் அம்மா கரடி வந்து, குட்டியின் கையைப் பிடித்து, மெல்லத் தட்டக் கற்றுக்கொடுத்தது.

"அம்மா எதுக்கு?"

"என்ன?"

"எல்லாம் நல்லாத்தான் போச்சு. அம்மா வந்து பாடம் எடுத்துட்டா. தூக்கிரு."

காவலாளி அவர் கையை இன்னும் முறுக்கினான். அவர் அலறினார். அலறி முடித்துவிட்டு, "தூக்கிரு," என்றார்.

"தூக்கிட்டு?"

"கதவே இல்லாத வீட்டுக்கு அனுப்பு."

காவலாளிக்கு அது கண்ணில் தெரிந்தது. வெறும் வாசல். தட்டத் தூக்கிய கை. தட்ட ஒன்றுமில்லை. இத்தனை நாளும் அவனுக்குத் தோன்றவில்லை.

"அப்புறம்?"

"மூச்சு முட்டுது. காலை எடு."

முழங்காலைத் தளர்த்தினான். அவர் சட்டென்று திரும்பித் தலையால் மூக்கில் மோதினார். காவலாளி அவர் முடியைப் பிடித்து முகத்தை மேடைப் பலகையில் அறைந்தான். பலகை அதிர்ந்தது.

வெளியே வண்டி வந்து நின்றது. படியில் பூட்ஸ் சத்தம்.

காவலாளி குனிந்தான். மூக்கிலிருந்து ரத்தம் அவர் காதில் சொட்டியது.

"வந்துட்டாங்க," என்றான். "சீக்கிரம் சொல்லு. உள்ள போகுதா, வெளியவே நிக்குதா?"