மே பன்னிரண்டில் கிடந்த லீவு

அம்மா லீலா இறந்த பிறகு சௌம்யா கோயம்புத்தூர் வேலையை விட்டுக் கொடைக்கானலுக்கே வந்துவிட்டாள். அப்பா பொன்னுவேல் ஜீப் ஓட்டும் டிராவல்ஸிலேயே கணினி வேலை கிடைத்தது. அப்பாவோடு மட்டும் அளவாகப் பேசினாள்.

அம்மாவுக்கு ஆபரேஷன் டிசம்பர் ஐந்தாம் தேதி, திண்டுக்கல்லில். அன்றைக்கு லீவு சொல்லியிருந்ததாக அப்பா சொன்னார். சொல்லவே இல்லை என்று அன்று காலை முதலாளி செல்வமுருகன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். வேறு டிரைவர் இல்லை, ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள் என்றதும், மதியத்துக்குள் திரும்பிவிடலாமென்று அப்பா மன்னவனூருக்கு வண்டியை எடுத்தார். வழியில் சிக்னல் இல்லை. அம்மா போன செய்தி அவரை எட்டியபோது பொழுது சாய்ந்துவிட்டது. சௌம்யா அப்பாவை நம்பவில்லை. கம்ப்யூட்டரை நம்பினாள்.

ஏப்ரலில் ஒரு குடும்பத்தின் புக்கிங் வேறு மாதத்தில் விழுந்து தகராறானது. யாரோ எழுதிவிட்டுப் போன புரோகிராமைத் திறந்து பார்த்தாள். நாள், மாதம், வருஷம் என்று ஆபீஸில் தட்டுவதை அந்த ஆள் வெறும் எழுத்தாகவே பதியச் சொல்லும் கட்டளை வரிக்குள் ஒட்டி டேட்டாபேஸுக்கு அனுப்பியிருந்தான். டேட்டாபேஸ் முதலில் வந்ததை மாதமாக எடுத்துக்கொண்டது. பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் பன்னிரண்டைத் தாண்டிய தேதிகள் மட்டும் தப்பின. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. டேட்டாபேஸோடு பேசுவதற்கென்றே இருக்கும் லைப்ரரி புரோகிராமிடம் தேதியைத் தேதியாகவே தனியாகக் கொடுத்தால் ஊகத்துக்கு இடமில்லை. அப்படியே மாற்றினாள். பிறகு, புரண்டு கிடந்த பழைய பதிவுகளைத் தேடினாள்.

5-12 என்று தட்டியது புரண்டு, போன வருஷம் மே பன்னிரண்டில் அப்பாவின் பெயர் இருந்தது. லீவு. மனைவிக்கு ஆபரேஷன்.

நெஞ்சில் ஏதாவது நடக்குமென்று காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஆறிப்போன டீயைக் குடித்தாள். செல்வமுருகனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் குனிந்து அந்த வரியைப் படித்தார். அப்பாவிடம் தானே பேசுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றாள்.

வீட்டில் அப்பா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, நீங்க லீவு சொல்லித்தான் இருக்கீங்க. கம்ப்யூட்டருல தேதி மாறி விழுந்திருச்சு.”

“அன்னைக்கே சொன்னேன்லம்மா.”

“சொன்னீங்க.”

அவர் அடுத்த பூண்டை எடுத்தார்.

“இப்பச் சரியாயிருச்சா?”

“ஆயிருச்சுப்பா.”

தலையாட்டினார். காலையில் வெள்ளனே பழனிக்குச் சவாரி இருப்பதாகச் சொன்னார். சௌம்யா இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். இத்தனை மாதமும் ஆளுக்கொரு நேரத்தில்தான் சாப்பிட்டார்கள். ரசத்தில் உப்பு இல்லை. இரண்டு பேருமே அதைச் சொல்லாமல் சாப்பிட்டு முடித்தார்கள்.