பம்புக்குப் பின்னால் ஒரு கை இடம்

பெட்டிக்குள் விரல்கள் போயின, விரல் முட்டி போகவில்லை. புஷ்பா கையை வெடுக்கென்று இழுத்தாள். கை வெளியே வந்தது, ரப்பர் கையுறை பெட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. காலையிலிருந்து இதே கூத்துதான்.

"இன்னா புஷ்பா, ஒரு பொட்டிகூட நகரல?" சூப்பர்வைசர் ஏகாம்பரம் அவள் முதுகுக்குப் பின்னால் இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார்.

"கிளவுஸோட உள்ள போவல அண்ணாத்தே. கயட்டிட்டு செய்யட்டா?"

"கயட்டுனா கேட்டுக்கு வெளியதான். நேத்து சாவித்திரிக்கு ஷாக் அட்ச்சதுல ஆபீஸே ஆடிப்போய் கீது."

திருமழிசையில் அந்தக் கம்பெனி மின்சார பஸ்களுக்குப் பேட்டரிப் பெட்டி செய்கிறது. பேட்டரி, பம்பு, குழாய், வயர் எல்லாவற்றையும் எங்கெங்கே வைத்தால் பெட்டி சிறுக்கும் என்று கம்ப்யூட்டரே ஆயிரம் விதமாக அடுக்கிப் பார்த்துச் சொல்லிவிடும். பாவம், பம்புக்குப் பின்னாலிருக்கும் போல்ட்டை முடுக்க மனுசக் கை போகவேண்டும் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் போன தை மாதம் டிசைன் எஞ்சினியர் விக்ரம் லைனுக்கு வந்தான். எல்லார் கையையும் பார்த்தான். இருப்பதில் சின்னது புஷ்பாவின் கை.

அளவுக்காக அதைப் படமெடுக்கும்போது, "கிளவுஸ கழட்டிடுங்கக்கா, படம் சரியா விழல" என்றான். அவள் மோதிரத்தையும் சேர்த்தே கழற்றினாள். தன் கை கம்ப்யூட்டருக்குள் போகிறது என்று அன்றைக்குப் பூந்தமல்லி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம்கூடச் சொன்னாள். புதுப் பெட்டி நல்லபடியாக ஓடினால் ஒப்பந்தம் போய் நிரந்தரம் என்று ஏகாம்பரம் வேறு ஆசை காட்டியிருந்தார்.

பெட்டி வந்தது, பழையதைவிட ஒரு சாண் குட்டையாக. ஆம்பிளைக் கை எதுவும் நுழையவில்லை. புஷ்பாவும் அடுத்த மேசை சாவித்திரியும் வெறுங்கையால் முடுக்கினார்கள். பெட்டிகள் போய்க்கொண்டிருந்தவரை அதை யாரும் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் விக்ரம் லேப்டாப்போடு வந்தான்.

"சார், அந்தப் பம்ப கொஞ்சம் தள்ளி வெக்கச் சொல்லுங்கோ சார்."

"பம்ப தள்ளினா பைப்ப தள்ளணும், பைப்ப தள்ளினா பேட்டரி இடிக்கும். மொத்தத்தையும் மறுபடி அடுக்கணும்க்கா. பெட்டி பெருசாயிடும். பஸ் கம்பெனிக்காரங்க அளவுக்கு ஓகே சொல்லி, தகடெல்லாம் வெட்டியாச்சு." குரலைத் தாழ்த்தினான். "கை அளவுல கிளவுஸ சேர்க்காம விட்டுட்டேன்."

"நீதான சார் கயட்டச் சொன்ன?"

அவன் திரையைப் பார்த்தான். "பெட்டிய மாத்தாம என்ன செய்யலாம்னு கம்ப்யூட்டரயே கேட்டுப் பார்த்தேன். கை இன்னும் சின்னதா வேணும்னு சொல்லுது."

புஷ்பா நிரந்தரத்தை நினைத்துக் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு பெட்டிப் பக்கம் திரும்பினாள்.

திங்கட்கிழமை கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அதன்மேல் நிமிர்த்தி வைத்த தகடு, தகட்டில் ஓர் ஓட்டை. காண்ட்ராக்டர் வேனில் கூட்டிவந்த பெண்கள் ஆளுக்கொரு ரப்பர் கையுறையோடு வரிசையில் நின்றார்கள். புஷ்பா நேரே உள்ளே போகப் பார்த்தாள்.

"நீயும் லைன்ல நில்லும்மா" என்றார் வாட்ச்மேன்.

"நான் மூணு வருஷமா இங்கதான வேல செஞ்சிகினு கீறேன்?"

"எல்லாருக்கும்தான் சொல்லி கீறாங்கோ."

நின்றாள். அவளுக்கு முன்னால் நின்ற பெண்ணுக்குக் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கையுறை போட்ட கை முழங்கைவரை ஓட்டைக்குள் போய் வந்தது. "உள்ள போம்மா" என்றார் ஏகாம்பரம், புஷ்பாவின் பக்கம் திரும்பாமல்.

புஷ்பா தகட்டின் முன்னால் வந்தாள். அது விக்ரம் கொடுத்த அளவில் வெட்டிய ஓட்டை. அவளுடைய வெறுங்கையின் கட்டைவிரல் பக்கத்துப் புடைப்புகூட அதில் அப்படியே இருந்தது. கையுறையை மாட்டி உள்ளே விட்டாள். விரல் முட்டியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

"போதும் உடுக்கா" என்றாள் பின்னாலிருந்தவள், தன் வளையல்களைக் கழற்றிக்கொண்டே. "அடுத்து நானு."