அண்ணன் பேசிய வீடியோ

போனை அப்டேட் செய்தவன் அண்ணன் மகன். நான் கேட்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தவன், நான் சட்டை மாட்டிக்கொண்டு வருவதற்குள் மேஜையிலிருந்து அதை எடுத்து எதையோ அமுக்கிவிட்டான். "ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கு சித்தப்பா, நீங்க கண்டுக்கவே இல்ல" என்றான். போன் வெகுநேரம் கறுப்பாகக் கிடந்துவிட்டுப் பிறகு முழித்துக்கொண்டது. எழுத்து, படம் எல்லாம் வேறு மாதிரி இருந்தன. அப்போதே எனக்குச் சரியாகப் படவில்லை.

காரணம் இருந்தது. அண்ணன் பேசிய வீடியோ அந்தப் போனில்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில், அவர் சாகிற வாரம் நான் எடுத்தது. மாடி ரூம் தங்கச்சிக்கு என்று அதில் சொல்லியிருக்கிறார். தங்கச்சி எங்கள் மூவரில் கடைசி. கட்டிக் கொடுத்த இடம் சரியில்லாமல் திரும்பி வந்தவள். அண்ணன் வீட்டு மாடி ரூமில் தையல் மெஷினைப் போட்டு, கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துப் பிழைக்கிறாள். அண்ணனுக்குப் பிறகு வீடு மகன் கைக்கு வந்தது. அவன் விற்கப் போகிறான். வாங்குகிறவன் வீடு காலியாக வேண்டும் என்கிறான். அத்தை எங்கேடா போவாள் என்று கேட்டால், பார்க்கலாம் என்கிறான். பார்க்கலாம் என்றவன் எவனும் பார்த்ததை நான் பார்த்ததில்லை.

"அப்பா சொல்லியிருந்தா மீற மாட்டேன். ஆனா என் காதால கேக்கணும். எனக்கு அனுப்பி விடுங்க" என்றான். அனுப்பினால் வெட்டி ஒட்டிவிடுவான். அதனால் நேரில் காட்டுகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வீட்டு முன் அறையில் உட்கார்ந்தோம். அவன், அவன் மனைவி, தங்கச்சி, நான். ஐந்தாவதாக, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வீட்டு புரோக்கர். அவரை யார் கூப்பிட்டது என்று நான் கேட்கவில்லை. முகத்திலேயே எழுதியிருந்தது.

போனை யார் கையிலும் கொடுக்காமல் நானே பிடித்துக்கொண்டு அமுக்கினேன். அண்ணன் தலையணையில் சாய்ந்து, மூக்கில் குழாயோடு பேச ஆரம்பித்தார். குரல் கணீரென்று கேட்டது. மாடி ரூம் தங்கச்சிக்கு, அவள் இருக்கிற வரைக்கும் யாரும் அவளைக் கிளப்பக் கூடாது, பையனிடம் சொல்லிவிடு என்றார். பிறகு இருமினார். படம் நின்றது.

"கேட்டுக்கிட்டியா?" என்றேன்.

"என்னத்தக் கேக்கறது? சத்தமே வரலையே" என்றான் அண்ணன் மகன்.

"ஊமைப் படமால்ல ஓடுது" என்றார் புரோக்கர்.

அவர் அப்படித்தான் சொல்வார். நான் தங்கச்சியைப் பார்த்தேன்.

"உனக்குக் கேட்டுதா இல்லையா?"

அவள் தரையைப் பார்த்தாள். "இல்லண்ணே."

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். இவளையும் சரிக்கட்டிவிட்டார்கள்.

மறுபடியும் ஓட்டினேன். சத்தத்தைக் கூட்டினேன். அண்ணன் குரல் என் மண்டையைப் பிளந்தது. நாலு பேரும் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏண்டா, எல்லாரும் சேர்ந்து நாடகம் போடறீங்களா?"

"அப்டேட் பண்ணினா சில போன்ல இப்படித்தான் ஆகுமாம் சித்தப்பா. படம் ஓடும், சத்தம் வராது."

"நீதானடா பண்ணினே."

"நான் என்ன தெரிஞ்சா பண்ணினேன்?"

"சத்தம் வருதுடா. எனக்குக் கேக்குது."

"ஊருக்கே கேக்காதது உங்களுக்கு மட்டும் கேக்குதா மாமா?" என்றாள் அவன் மனைவி. நக்கலாகச் சொல்லவில்லை. அதனால்தான் கோபம் வந்தது.

"என்ன சொன்னாருன்னு நான் ஒப்பிக்கவா?"

"ஒப்பிப்பீங்க. எடுத்ததே நீங்கதானே" என்றான்.

புரோக்கர் ஹெல்மெட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்டினார். "இத வச்சி பார்ட்டிகிட்ட நான் என்ன பேசறது? ஆகறதப் பாருங்க தம்பி."

அவன் தங்கச்சி பக்கம் திரும்பினான். "அத்தை, பக்கத்துத் தெருவுலயே ஒரு ரூம் பாத்துத் தர்றேன். மெஷினை நானே வேன்ல கொண்டுவந்து இறக்கறேன்." அவள் தலையை ஆட்டினாள். எதற்கும் ஆட்டுவாள். அவள் வாழ்க்கை வீணானதே அந்த ஆட்டலில்தான்.

சண்டையில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுக் காது மெஷினைக் கழற்றிவிடுவேன். அப்புறம் எவன் எவ்வளவு கத்தினாலும் எனக்கென்ன? "நல்லா இருங்கடா எல்லாரும்" என்று சொல்லி, போனை மேஜையில் போட்டு, மெஷினையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். போட்ட வேகத்தில் விரல் பட்டிருக்கும். அண்ணன் மறுபடியும் பேச ஆரம்பித்தார். இப்போது எனக்கும் ஊமைப் படம்தான்.

நாலு பேரும் ஒன்றாக மேஜை மேல் குனிந்தார்கள். ஊசி தொலைந்த மாதிரி தேடினார்கள். தங்கச்சி என் மெஷினை எடுத்துத் தன் காதில் வைத்தாள். வைத்தவள் அசையவில்லை. பிறகு அதைத் துடைக்காமல்கூட அண்ணன் மகனிடம் நீட்டினாள்.

பிறகு அவன் மனைவி சொல்லித்தான் விஷயம் விளங்கியது. போனில் யாராவது கூப்பிட்டால் பேச்சு நேராகக் காதில் விழட்டும் என்று, மெஷின் விற்ற கடைக்காரி இரண்டையும் இணைத்து வைத்திருந்தாளாம். முன்பெல்லாம் வீடியோ சத்தம் போனிலிருந்தே வரும். அப்டேட்டுக்குப் பிறகு அதுவும் மெஷினுக்கு மட்டும் போயிருக்கிறது. மேஜையில் கிடந்த மெஷினிலிருந்து அண்ணன் குரல் கொசு மாதிரி கேட்கவும்தான் எல்லாரும் குனிந்தார்களாம்.

அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. அண்ணன் மகன் மெஷினைக் காதில் வைத்துக் கையால் பொத்திக்கொண்டு நிற்பது மட்டும் தெரிந்தது. படம் நின்றதும் இன்னொரு தடவை என்று விரலால் காட்டினான். ஓட்டினேன். இன்னொரு தடவை என்றான். புரோக்கர் வாயசைத்தார். இவன் அவரைப் பார்க்காமலே கையைத் தூக்கி நிறுத்தினான். அவர் விடாமல் பேசினார். இவன் இரண்டு வார்த்தை சொன்னான். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தங்கச்சி புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். நல்லதுக்கா கெட்டதுக்கா தெரியவில்லை. இரண்டுக்கும் அப்படித்தான் துடைப்பாள்.

என்ன முடிவானது என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் காதில் விழாது.

கடைசியில் மெஷினைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தான். மாட்டிக்கொண்டேன்.

"என்னடா ஆச்சு?"

"அத்தை மேலயே இருக்கட்டும்."

"புரோக்கர்?"

"ஆளோட வீட்டை எவன் வாங்குவான்னு கேட்டாரு. வாங்க வேணாம்னுட்டேன்."

"நாளைக்கு வேற புரோக்கர் வருவான்."

"அப்பாவே சொல்லிட்டாரு. அதுக்கு மேல என்ன சித்தப்பா?"

"உங்கப்பன் சொன்னான் சரி. நீ சொல்லு." போனைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

அவன் மனைவியைப் பார்த்தான். "சொல்லித் தொலைங்க. இல்லேன்னா பொழுது சாயற வரைக்கும் இப்படியே நிப்பாரு" என்றாள் அவள்.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சுவர் ஓரமாக நின்றான். "அத்தை இருக்கற வரைக்கும் மாடி ரூம் அவங்களுக்குத்தான்."

"எந்த வீட்டு மாடி?"

"இந்த வீட்டு மாடி."

"விக்க மாட்டேன்னு சொல்லு."

"அத்தை இருக்கற வரைக்கும் விக்க மாட்டேன்."

"போதும்ண்ணே, விடு" என்றாள் தங்கச்சி.

நான் விடவில்லை. தேதியையும் சொல்லச் சொன்னேன்.