வெண்டில்மியர் டியூக்கின் ஒரே மகள்

வெண்டில்மியரின் இரண்டாவது டியூக் செத்த மறுநாள் காலை, வழக்கம்போலப் படியிறங்கி வந்து, ரொட்டிக்குத் தடவ ஆரஞ்சு ஜாம் கேட்டார். டாக்டர் நாடி பார்த்தார், நாடி இல்லை. அது 1926, மழையில் வைக்கோல் அழுகிய வருடம். டியூக் ஒரு ராஜாவின் பேரன். ராஜா தன் இளைய மகனுக்குக் கொடுத்த பட்டம் ஆண் வழியில் மட்டுமே இறங்கும். டியூக்குக்கு இருந்தது ஒரே மகள், ஹெஸ்டர்.

"அப்பா, நீங்க செத்துட்டீங்க."

"தெரியும்மா. எனக்கு மட்டும் ஆசையா? இந்தப் பட்டத்தை யார் கையில குடுத்துட்டுப் போறது?"

"என்கிட்ட குடுங்க."

டியூக் தன் சிறு கிரீடத்தை எடுத்து அவள் உள்ளங்கைகளில் வைத்தார். அது தண்ணீர்போலக் கைகளுக்குள் இறங்கி, தரையில் விழுந்து உருண்டது. மூன்று முறை முயன்றார்கள். பிறகு அவள் குனிந்து எடுக்கப் பார்த்தாள்; விரல்கள் தரையைத்தான் தொட்டன.

அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஓவன் பிரிச்சர்ட், ஊரின் கால்நடை மருத்துவன். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வருகிறேன் என்றாள்.

"எப்ப ஹெஸ்டர்? அவரு இப்பதான் ரெண்டாவது கப் டீ கேட்டாரு."

அவள் லண்டனுக்குப் போய்ப் பட்டங்களைக் கவனிக்கும் அதிகாரியைப் பார்த்தாள். டியூக் செத்தால் பட்டம் அரசரிடமே திரும்பிவிடும், பிறகு வேறொரு இளவரசருக்குக் கொடுப்பார்கள் என்று அவர் பொறுமையாக விளக்கினார். "ஆனா தினமும் சாப்பிட வர்றவரைச் செத்துட்டார்னு நாங்க எப்படிம்மா எழுதுறது?"

ஓவன் ஏழு வருடம் பொறுத்தான். பிறகு வேல்ஸுக்குப் போய் ஒரு பள்ளி ஆசிரியையைக் கட்டிக்கொண்டான். டியூக் உட்கார்ந்த பக்கம் சூப் உறைந்துபோகும். குளிர் தாங்காமல் வேலைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். யுத்தம் வந்தது, போனது. கிழக்குக் கூரை விழுந்தது. ஹெஸ்டர் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு சமைத்தாள், பரிமாறினாள், வளர்ந்துகொண்டே இருந்த அவர் நகங்களை வெட்டிவிட்டாள். ஒருநாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "நான் என்னப்பா பாவம் பண்ணேன்?" என்று கேட்டாள். அவர் அடுத்த கையை நீட்டினார்.

1958 மார்ச்சில் நிமோனியா வந்து ஹெஸ்டர் செத்தாள். அவளைப் பிடித்து நிறுத்த அவளிடம் பட்டம் எதுவும் இல்லை. ஒரே மூச்சில் போய்விட்டாள். சவப்பெட்டிக்குப் பின்னால் டியூக் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடந்தார். மண் மூடும்வரை நின்றார்.

"குடுத்து வச்சவ," என்றார் பாதிரியாரிடம்.

அதன்பின் ஊர்ப் பெண்கள் முறைபோட்டு அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி, வெள்ளிக்கிழமை மீன். போகிறவர்கள் கம்பளிக் கையுறை மாட்டிக்கொண்டு போவார்கள்.