பூட்டு விட்ட பெயர்கள்

தரகர் கூப்பிட்டபோது அவள் ஒரு பெரியவரின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வலது கண்ணுக்கு இரண்டாவது லென்ஸைச் செருகிக்கொண்டிருந்தாள். மேசையில் கிடந்த கைபேசி மூன்று முறை அதிர்ந்து ஓய்ந்தது. நான்காவது முறை பெரியவரே சொல்லிவிட்டார்.

"எடும்மா. எனக்கு எழுத்துதான் தெரியல. காது நல்லா கேக்குது."

அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கண்ணாடிக் கடையின் பின்னறைக்குப் போனாள்.

"தங்கச்சி, ஒரே கேள்வி. மறைக்காம சொல்லிடு. உன் வீட்டுக்காரன் தொழிலை விட்டுப் போறானா?"

"அண்ணா, எட்டு மாசமா நாங்க பேசறதில்ல. உங்களுக்குத் தெரியாததா?"

"அது தெரியும். அதுக்கு முன்னாடி பதினோரு வருஷம் பேசினீங்கல்ல. பூட்டு தன் பேரையெல்லாம் விட்டுட்டிருக்கான். பதினாலு போயாச்சு. 'குடை' போச்சு. 'பாலம்' போயிட்டே இருக்கு."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அவள் கணவனுக்குத் தொழில், இணையப் பெயர்களை வாங்கி வைத்திருப்பது. கடைகளும் நிறுவனங்களும் இணையத்தில் தங்கள் முகவரியாக வைத்துக்கொள்ள ஆசைப்படும் நல்ல பெயர்கள். குடை, பாலம், உப்பு என்று பொருள்படும் ஒற்றைச் சொற்கள். அவற்றை வருடாவருடம் புதுப்பித்துக்கொண்டே, என்றாவது ஒருவன் தேடி வருவான் என்று காத்திருக்க வேண்டும். புதுப்பிக்கத் தவறினால் மீட்டுக்கொள்ளக் கொஞ்ச நாள் அவகாசம் உண்டு. அதுவும் தாண்டினால், முதலில் கை நீட்டுகிறவனுக்குப் பெயர் போய்விடும். கையில் வந்த எதையும் அவன் விட்டதில்லை என்பதால் அந்த வட்டாரத்தில் அவனுக்குப் பூட்டு என்று பெயர். அவளுடைய பிறந்தநாளை மறப்பான். அறுநூறு பெயர்களின் காலாவதித் தேதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

"வேற எவன் விட்டாலும் கைல காசில்லன்னு விட்டுடுவோம்," என்றார் தரகர். "பூட்டு விட்டா அப்படியா? குரூப்ல ஒருத்தனுக்கும் சோறு இறங்கல. இனிமே யாரு உக்காந்து முகவரி டைப் பண்ணப் போறா, மெஷின்கிட்ட கேட்டா அதுவே எல்லாம் எடுத்துக் குடுக்குது, பூட்டுக்கு அது முன்னாடியே தெரிஞ்சுபோச்சுன்னு பேசிக்கறாங்க. அவனைப் பாத்து எல்லாரும் விடறாங்க. நேத்து நானே என்கிட்ட இருந்த நாப்பது பேரைப் புதுப்பிக்காம கைகழுவினேன்."

"அவர்கிட்டயே கேக்க வேண்டியதுதானே?"

"போன் எடுத்தாத்தானே."

பெரியவருக்குக் கண்ணாடி எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டு அவள் கணினி முன்னால் உட்கார்ந்தாள். இருவரும் ஒரே மேசையில் வேலை பார்த்த காலத்தில் தொடங்கிய கணக்கு ஒன்று அவளுக்கு இருந்தது. கடவுச்சொல் விரலிலேயே இருந்தது. திறந்ததும் மேலே ஒரு அறிவிப்பு நின்றது: ஒரு பெயர் உங்களுக்கு மாற்றப்பட்டுள்ளது, ஏற்றுக்கொள்கிறீர்களா? ஆறு நாளாக அது அங்கே காத்துக்கொண்டிருந்தது.

மாற்றியவன் அவன்தான். பெயர், 'உப்பு'.

வீடு வாங்கும் அளவுக்கு விலை பேசி வந்தவர்களைக்கூட அவன் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிய பெயர் அது. செய்தி எழுதும் இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

தரகர் பார்த்திருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லியிருப்பார். அவள் உடனே கைபேசியை எடுத்து அவன் எண்ணைத் தேடினாள். சிறந்ததை அவளிடம் சேர்த்துவிட்டு மற்றதை எல்லாம் அப்படியே விட்டுவிடுகிறவன் தொழிலை மட்டுமா முடிக்கிறான்?

அவன் கைபேசி அணைந்திருந்தது. அவனுடைய அக்காவைக் கூப்பிட்டாள். நாத்தனார் சந்தோஷமாக எடுத்தாள்.

"இப்பவாவது கூப்பிடணும்னு தோணிச்சே. எப்படிம்மா இருக்கீங்க ரெண்டு பேரும்?"

"ரெண்டு பேரும்னா?"

"என்ன கேள்வி இது. நீங்க மறுபடியும் சேர்ந்துட்டீங்கன்னு அவன்தானே சொன்னான். போன மாசம்கூட அவகிட்ட போனைக் குடுடான்னேன். அவ குளிச்சிட்டிருக்கான்னான்."

யாரும் தேடி வரக்கூடாது என்று ஒவ்வொரு வழியையும் அவன் பதவிசாக அடைத்திருந்தான். "அப்புறம் பேசறேன் அண்ணி," என்று வைத்துவிட்டாள். அவன் இருக்கும் இடம் அக்காவுக்கும் தெரிந்திருக்க வழியில்லை. தம்பி இவளோடுதான் இருக்கிறான் என்று அக்கா நம்பிக்கொண்டிருந்தாள்.

எட்டு மாதங்களுக்கு முன்னால் அவள்தான் அந்த வார்த்தையைச் சொன்னாள். ஒரு வேலைக்குப் போ என்று பத்தாவது தடவையாகக் கேட்டு, ஒரு வருஷம் பொறு என்று பத்தாவது தடவையாக அவன் சொன்னபோது, "வராத ஆளுக்குக் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு வாழ்க்கை பூரா உக்காந்திருக்கியே, உனக்குப் பக்கத்துல நானும் உக்காரணுமா?" என்று கேட்டுவிட்டாள். அவன் சண்டை போடவில்லை. மறுநாள் காலை ஒரு பெட்டியோடு போய்விட்டான். போகும்போது வீட்டுக்கு எரிவாயு சிலிண்டர் பதிந்துவிட்டுப் போனான். அதை நினைத்தால் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வரும்.

எங்கே என்று தேடுவது? கடையில் பக்கத்து நாற்காலிக்காரி, "டீ ஆறுது," என்றாள். அவள் கேட்காமல் திரையையே பார்த்தாள்.

ஒவ்வொரு பெயருக்கும் உரிமையாளரின் வீட்டு முகவரி பதிவில் இருக்கும். கண்டவனும் பார்க்காதபடி அதை மறைத்து வைக்கச் சில பதிவு நிறுவனங்கள் தனிச் சந்தா வாங்கும். பெயர் காலாவதியாகும்போது அந்தச் சந்தாவும் நின்றுபோகும், திரை விலகிவிடும். இந்தத் தொழிலில் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. விட்டுப்போகும் பெயரில் யார் முகவரியைத் தேடப் போகிறார்கள்?

தரகரிடம் விட்டுப்போன பெயர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, அவள் ஒவ்வொன்றாகத் தேடினாள். முதல் மூன்றில் ஒன்றும் தெரியவில்லை. நான்காவதில் முகவரி வெளிப்படையாக இருந்தது. அது அவள் குடியிருக்கும் வீடு. ஐந்தாவதிலும் அதே வீடு. ஏழிலும் எட்டிலும் அதே. அவன் எங்கேயும் மாற்றவில்லை. வீடு என்று கேட்ட இடத்திலெல்லாம் இன்னும் அவள் வீட்டைத்தான் எழுதி வைத்திருந்தான்.

பன்னிரண்டாவது, யாருமே வாங்க மாட்டார்கள் என்று பார்த்தவுடன் தெரியும் ஒரு உதவாக்கரைப் பெயர். அவன் போன பிறகு, காலாவதிக்குச் சில மாதமே இருந்தபோது யாரிடமிருந்தோ வாங்கியது. அதில் வேறு ஒரு தெரு, வேறு ஒரு எண், நான்காம் மாடி.

"நான் போகணும்," என்றாள்.

"முதலாளி கேட்டா?"

"கண் சரியில்லன்னு சொல்லு."

வாடகைக் கார் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. ஓட்டுநரிடம் வேகமாகப் போகச் சொன்னாள். "முன்னாடி போற பஸ்ஸை நான் முழுங்கவாம்மா?" என்றார் அவர். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்த பிறகு ஒரு சந்துக்குள் திருப்பினார். ஆறு நாள். ஆறு நாளாக அந்த அறிவிப்பு காத்திருந்தது, அவள் அந்தக் கணக்கைத் திறக்கவேயில்லை. இந்த எண்ணத்தை அவளால் தள்ளி வைக்க முடியவில்லை.

பழுதான லிப்ட்டின் குறுக்கே நாடா ஒட்டியிருந்தது. நான்கு மாடியும் ஏறினாள். கதவுக்கு வெளியே தண்ணீர் கேன் இரண்டு, மூடி பிரிக்காமல். தட்டினாள். அழைப்பு மணியை அழுத்தினாள். உள்ளே எந்த அரவமும் இல்லை.

"நான்தான்ப்பா."

கதவில் காதை வைத்தாள். மின்விசிறி மாதிரி ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

"கதவைத் திற. பேச வரல. பாத்துட்டுப் போறேன்."

கதவை உள்ளங்கையால் அறைந்தாள். எதிர்வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்து மூடியது.

"அஞ்சு நிமிஷத்துல போலீஸைக் கூப்பிடுவேன். அப்புறம் உங்க அக்காவைக் கூப்பிடுவேன். எது முதல்லன்னு நீயே சொல்லு."

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது.

"அக்கா வேணாம்," என்றான்.

அவன் பாதியாக இருந்தான். தாடி வளர்ந்திருந்தது. சட்டை தோளில் தொங்கியது. அவளைப் பார்த்ததும் விலகி வழிவிட்டான், வந்திருப்பது மீட்டர் பார்க்க வந்த ஆள் என்பது போல. திரைச்சீலையைத் துணிக் கிளிப் போட்டு இறுக்கியிருந்தான். மடிக்கணினி மூடிக் கிடந்தது, அதன்மேல் காய்ந்துபோன ஒரு தட்டு. மேசையில் வேறு எல்லாம் ஒழுங்காக இருந்தது. நடுவில் ஒரு காகிதக் கட்டு. மேல் காகிதத்தில் அவள் பெயர். புரட்டினாள். எந்தப் பெயர் எந்த நிறுவனத்தில், என்ன கடவுச்சொல், யாரிடம் விற்கலாம், யாரை நம்பக்கூடாது என்று முத்து முத்தான கையெழுத்தில் எட்டுப் பக்கம். நம்பக்கூடாதவர் வரிசையில் தரகர் முதலில் இருந்தார்.

அவள் கட்டைக் கீழே வைத்தாள். கேட்டே ஆக வேண்டும்.

"எப்போ?"

அவனுக்குப் புரிந்தது. "தேதி வைக்கல."

"தேதி வைக்காம நீ ஒரு வேலையும் செஞ்சதில்லையே."

அவன் சிரிக்கப் பார்த்தான். வாய் கோணியது, அவ்வளவுதான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"உன் மேல கோவம் எல்லாம் இல்ல," என்றான்.

"எனக்கு உன் மேல இருக்கு. நான் குளிச்சிட்டிருக்கேனாமே."

"வேற என்ன சொல்றதுன்னு தெரியல." கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினான். "முதல்ல ஒரு பேரு முடியப்போகுதுன்னு மெயில் வந்துச்சு. நாளைக்குப் பண்ணலாம்னு படுத்தேன். தினமும் நாளைக்குன்னு படுத்தேன். கம்ப்யூட்டர் அங்கதான் இருக்கு. கை போகல. படுத்துக்கிட்டே ஒவ்வொண்ணா போறதை எண்ணிட்டிருந்தேன். இன்னிக்கு எது, நாளைக்கு எதுன்னு. 'உப்பு'க்காக ஒரே ஒரு நாள் எழுந்திரிச்சேன்."

ஊரே அவனைப் பார்த்து எதையோ கணித்துக்கொண்டிருந்தது. அவன் இந்தக் கட்டிலில் கிடந்திருக்கிறான்.

கைபேசி அதிர்ந்தது. தரகர். எடுக்காவிட்டால் விடமாட்டார் என்று எடுத்தாள்.

"பாத்தியா தங்கச்சி அவனை? என்ன சொல்றான்? விட்ட நாப்பதை நான் திரும்ப எடுக்கவா, வேணாமா?"

"எனக்குத் தெரியாதுண்ணா. அவருக்கும் தெரியாது. உடம்பு சரியில்லாம படுத்துட்டாரு. அதனால விட்டுப்போச்சு. வேற ஒண்ணுமே இல்ல."

தரகர் சிரித்தார்.

"உடம்பு சரியில்லன்னு எவனாவது 'குடை'யை விடுவானாம்மா? என்கிட்டயே கதையா? நாங்க எல்லாம் திரும்ப எடுத்துக் கையைச் சுட்டுக்கணும், அதானே?"

"சத்தியமா சொல்றேன்."

"சரி சரி. நீயும் அந்த வீட்டு ஆளுதானே," என்று வைத்துவிட்டார்.

அவன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். "பாவம். நல்ல பேரா வெச்சிருந்தாரு," என்றான்.

அவள் பெரிய மருத்துவமனையைக் கூப்பிட்டாள். நர்ஸ் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். தனியா இருக்காரா? தன்னை ஏதாவது பண்ணிக்கற யோசனை வெச்சிருக்காரா? அவள் ஆமாம் என்று சொல்லும்போது அவனைப் பார்த்தே சொன்னாள். அவன் மறுக்கவில்லை. உடனே கூட்டிட்டு வாங்க, ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க என்றாள் நர்ஸ்.

"வர்றியா?"

"செருப்பு எங்கன்னு தெரியல."

கட்டிலுக்கு அடியில் ஒன்றும் குளியலறை வாசலில் ஒன்றுமாகக் கிடந்தன. அவளே எடுத்துவந்து போட்டாள். பாதம் வெளுத்துப்போயிருந்தது. காகிதக் கட்டை எடுக்கவில்லை.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவன் நின்றான். சுவரைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்னால முடியல."

"சரி, உக்காரு." அவளும் உட்கார்ந்தாள். யாரோ துடைத்துவிட்டுப் போன படிக்கட்டு சோப்பு வாசனையோடு ஈரமாக இருந்தது. கீழே கார் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"மணி என்ன?"

"நாலரை."

"ஆறு மணிக்கு 'பாலம்' போயிடும். அதுவரைக்கும் மீட்கலாம்." அவன் வேறு யாருடைய சாமானைப் பற்றியோ பேசுவது போலச் சொன்னான். "எல்லாம் மேல காகிதத்துல இருக்கு. பத்து நிமிஷ வேலை. நீ போய் எடுத்துடு. நான் இங்க உக்காந்திருக்கேன்."

"நான் மேல போய் திரும்பி வரப்போ நீ இங்க இருப்பியா?"

அவன் படிக்கட்டின் கைப்பிடிக்கு அப்பால், நடுவில் கீழே இறங்கிப் போகும் பள்ளத்தைப் பார்த்தான். உடனே கண்ணை எடுத்துக்கொண்டான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். எலும்பு விரலுக்குள் அடங்கியது. விடவில்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரியவில்லை. மேலே ஏறிய ஒரு பெண்மணி பையை ஒதுக்கிக்கொண்டு அவர்களைக் கடந்து போனாள்.

"வலிக்குது," என்றான்.

"வலிக்கட்டும்."

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று புரியவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பதினோரு வருடத்தில் பார்த்ததில்லை. அவள் முதுகைத் தடவவில்லை. பிடியையும் தளர்த்தவில்லை.

அழுகை அடங்கியதும் மூக்கைச் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"இன்னும் எத்தனை மாடி?"

"மூணு."

அவன் மறுகையால் கைப்பிடியைப் பற்றி எழுந்தான். அவளும் கூடவே எழுந்து, பள்ளம் இருக்கும் பக்கமாக நின்றுகொண்டாள்.