குழாய்க்குள் வளர்ந்தது

தினமும் கடை மூடும்போது கழிவுநீரிலுள்ள எண்ணெய்ப் பசையைப் பிடித்து நிறுத்தும் கொழுப்புத் தொட்டியில் ஓர் அண்டா வெந்நீரைக் கவிழ்த்தால்தான் சமையல் மாஸ்டருக்குத் தூக்கம் வரும். சுத்தம் என்றால் இதுதான் என்று மார்தட்டுவார். அப்பேர்ப்பட்டவருடைய சமையலறையில் கழிவுநீர் எதிர்த்து வந்து தரையில் நின்றால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? பாத்திரம் தேய்க்கும் அக்கா மேல் பாய்ந்தார். தட்டில் மிஞ்சியதை வழிக்காமல் கழுவி அடைக்க வைத்தவள் அவள்தான் என்று முதலாளியிடமே சொல்லிவிட்டார். இன்றோடு வேலைக்கு வர வேண்டாம் என்றார் முதலாளி. அக்கா கையிலிருந்த சட்டியைத் தேய்த்து முடித்துவிட்டுப் பையை எடுக்கப் போனாள்.

அடைப்பெடுக்க அழைத்திருந்த, தொட்டி சுத்தம் செய்யும் அம்மாள் வந்து, கழுவுதொட்டிக்கு அடியில் இரும்புப் பெட்டிபோல் இருந்த கொழுப்புத் தொட்டியைத் திறந்தார். மாஸ்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். அம்மாளோ குச்சியை விட்டு ஆழம் பார்த்தார். அடியில் ஒரு பருக்கை இல்லை. தேய்க்கிறவங்க கெட்டிக்காரங்க, வழிச்சுட்டுத்தான் கழுவுறாங்க என்றார். மாஸ்டருக்குச் சுருக்கென்றது. மேலே மிதந்து உறைய வேண்டிய கொழுப்பும் விரற்கடைகூட இல்லை. இத்தனை பெரிய சமையலில் அது எங்கேதான் போயிற்று?

அம்மாள் வெளிக்குழாயைக் கழற்றி, கொக்கியைச் செருகி மெல்ல இழுத்தார். வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம், இரண்டு முழம், கடைசியில் ஆள் உயரம். உறைந்த கொழுப்பு, அப்பழுக்கில்லாத வெள்ளை. குழாய் வளைந்த இடத்தில் தானும் வளைந்து, மூட்டின் திருகுமரைகூட அச்சு அசலாகப் பதிந்திருந்தது. முறிந்த முனையில் மயிரிழை கனத்தில் வளையத்துக்குள் வளையம். அடேயப்பா! மாஸ்டர் மூக்கிலிருந்து கையை எடுத்தார்.

"யாரோ தினமும் வெந்நி ஊத்தியிருக்காங்க. தொட்டியில உறைஞ்சு நிக்க வேண்டியது, உருகி ஓடி, சூடு ஆறின எடத்துல உக்காந்துடுச்சு. ஒரு நாளைக்கு ஒரு வளையம்" என்றார் அம்மாள்.

மாஸ்டர் விரலால் வளையங்களைத் தொட்டார். அத்தனையும் அவர் பெருமைப்பட்ட ராத்திரிகள். பார்க்க அழகாக வேறு இருந்தது, அதுதான் கொடுமை. முதலாளி எட்டிப் பார்த்து, யார் பார்த்த வேலை என்று கேட்டார். அக்கா பையும் கையுமாக வாசலில் நின்றாள். யாரோ என்றுதானே அம்மாள் சொன்னார்? மழுப்பிவிடலாம். ஆனால் அந்த வெள்ளை வளையங்களை வைத்துக்கொண்டு மழுப்ப மாஸ்டருக்கு நா எழவில்லை.

"நான்தாங்க. மூணு வருஷமா ஊத்துறேன். அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. போறதுன்னா நான்தான் போகணும்."

 முதலாளியின் கண்ணும் அந்த வெள்ளையை விட்டு நகரவில்லை. அக்கா பையை இறக்கி வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தாள்.

"தெனமும் தண்ணி காயவெச்சுக் குடுத்தது நான்தானே மாஸ்டர். பாதி என்னோடது."